கின்யுவா ராணியின் வயிறு

கின்யுவா ராணி தன் மகனை மூன்று ராஜாக்கள் மாறும்வரை வயிற்றிலேயே சுமந்தாள். உரிய மாதத்தில் வலி வரத்தான் செய்தது. குழந்தையும் தலையை வெளியே நீட்டியது. அன்றைக்கு அரண்மனை இருந்த இருப்பில் வெளியே வருவது புத்தியல்ல என்று கண்டுகொண்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. தலைநகரமான ஷ்வேமியோவில் இதைப் பற்றி யாரும் பெரிதாக அதிசயப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த வருடம் ஐராவதியில் தண்ணீர் வற்றி அரிசிப் படகுகள் மணலில் சிக்கிக் கிடந்ததைத்தான் சந்தையில் அதிகம் பேசினார்கள்.

அவள் பெயர் யின்மே. கின்யுவா என்பது பனைமரத்தைத் தவிர வேறொன்றும் முளைக்காத வறண்ட ஊர். அவள் அப்பா அங்கே பனையேறி. வயதான ராஜா ஒரு கோடையில் புத்தர் கோயிலுக்குப் போகும் வழியில் அந்தப் பனைநிழலில் பல்லக்கை இறக்கச் சொன்னார். கூட வந்த அரண்மனை ஜோசியர், ராஜாவுக்குச் சனி பிடித்திருக்கிறது என்றும், புதன்கிழமை பிறந்து காலில் செருப்பே போட்டறியாத ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டால் விட்டுவிடும் என்றும் சொன்னார். செருப்பு போட்டறியாத பெண்களுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. புதன்கிழமை பிறந்தவள் அவள் ஒருத்திதான். அந்த நாட்டில் ராணிகளுக்கு ஆளுக்கொரு ஊரை எழுதிவைப்பார்கள். அந்த ஊர் வரியை அவர்கள் வாங்கிக்கொள்வதற்கு 'ஊரைத் தின்பது' என்று பெயர். பெரிய ராணிகள் பட்டு நெய்யும் ஊர்களையும் மாணிக்கம் தோண்டும் ஊர்களையும் தின்றார்கள். யின்மேக்கு அவள் பிறந்த ஊரையே தின்னக் கொடுத்தார்கள். "நல்லதாப் போச்சு, பொண்ணு பசிச்சா வந்து நம்மளத் தின்னுட்டுப் போவா" என்று அவள் அப்பா மரத்தின் உச்சியிலிருந்தே சொன்னார். அவளை வழியனுப்ப அவர் இறங்கி வரவில்லை. இறங்கினால் அழுதுவிடுவார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ராஜா அவளை எப்போதாவது கூப்பிடுவார். கால் பிடிக்கச் சொல்வார். கள் எப்படிப் புளிக்கிறது என்று கேட்பார், அவள் பாதி சொல்வதற்குள் தூங்கிப்போவார். தூங்காத ஏதோ ஒரு நாளில் அவள் கர்ப்பமானாள். அரண்மனையின் மேற்கு வரிசையில், தேக்குப் பலகையால் அடைத்த ஓர் அறை அவளுக்கு. பக்கத்து அறையில் நாங் செங் இருந்தாள். ஷான் மலைச் சிற்றரசர் ஒருவரின் மகள், யின்மேயைவிட மூத்தவள். ஒருத்தியின் பட்டிக்காட்டுப் பேச்சையும் இன்னொருத்தியின் மலைக்காட்டு உச்சரிப்பையும் மற்ற ராணிகள் நடித்துக் காட்டிச் சிரித்ததால் இவர்கள் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். நாங் செங் ஊறவைத்த தேயிலையில் பூண்டும் எள்ளும் போட்டுப் பிசைந்து கொண்டுவருவாள். யின்மே அவளுக்குப் பேன் பார்ப்பாள். நாங் செங்குக்குத்தான் முதலில் பிரசவமானது. மருத்துவச்சி வருவதற்குள் தானே பெற்று, தானே தொப்புள்கொடி அறுத்து, துணியில் சுற்றிக்கொண்டு, பெண் என்றாள். பெண்ணுக்கு யோன் என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு ராஜா செத்துப்போனார். பட்டத்து ராணி தெற்கு அரண்மனையில் இருந்ததால் அவளைத் தெற்கு ராணி என்பார்கள். அவள் ராஜாவின் உடம்பு குளிர்வதற்குள் தன் மூத்த மகனைச் சிங்காதனத்தில் உட்கார வைத்தாள். இளைய மகனுக்கு மொட்டையடித்துக் காவி உடுத்தி மடத்துக்கு அனுப்பிவிட்டாள். மற்ற ராணிகள் பெற்ற பையன்கள் எல்லோரையும் யானைக் கொட்டடி முற்றத்துக்குக் கூட்டிப்போனார்கள். ராஜ ரத்தம் மண்ணில் படக்கூடாது என்பது பழைய சட்டம். அதை யாரும் மீறவில்லை. பையன்களைச் சிவப்பு வெல்வெட் சாக்குக்குள் விட்டு வாயைக் கட்டி, கழுத்து இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்து, கட்டையால் அடித்தார்கள். சத்தம் கேட்கக்கூடாதென்று முன் முற்றத்தில் மேளதாளத்தோடு கூத்து நடந்தது. ராணிகள் எல்லோரும் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும், கோமாளி வரும்போது சிரிக்க வேண்டும் என்று உத்தரவு. சிரிக்காதவள் யார் என்று பார்ப்பதற்குத் தூணுக்கொரு ஆள் நின்றது. மகன்களைப் பறிகொடுத்தவர்கள் வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோமாளி தன் மாமியாரைக் கழுதை என்று நினைத்து ஏறப்போகும் கட்டத்தில் யின்மேக்கு வலி கண்டது.

தெற்கு ராணி தன் சொந்த மருத்துவச்சி டோ மூவை அனுப்பினாள். பெண்ணென்றால் குளிப்பாட்டு, ஆணென்றால் கொட்டடிக்கு எடுத்து வா என்று சொல்லியனுப்பியிருந்தாள். டோ மூ பாதி நகரத்தைத் தன் கையால் பூமிக்குக் கொண்டுவந்தவள், எதற்கும் பதறாதவள்.

"தல தெரியுது, இன்னும் ஒரே முக்கு, முக்கும்மா" என்றாள். தலை வெளியே வந்தது. முற்றத்து மேளம் ஒரு நொடி மூச்சு வாங்கியது. அந்த இடைவெளியில் கொட்டடிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. டோ மூ வாயைப் பிளந்தாள். "ஏய், ஏய், எங்கடா போற? ஐயோ, திரும்பிப் போகுதுடி!" அவள் கைவிட்டுப் பிடிக்கப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை அவள் விரலைத் தள்ளிவிட்டது. வலி நின்றது. வயிறு பழையபடி மேலேறி உட்கார்ந்துகொண்டது.

தெற்கு ராணி நேரில் வந்து, தலையைச் சாய்த்து யின்மேயின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். "புத்திசாலி. அப்பன் மாதிரி இல்ல" என்று எழுந்தாள். "எத்தன நாளைக்குடி உள்ளயே இருப்பான்? எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நான் இருக்கேன்."

பிறக்காதவன் இளவரசனா இல்லையா என்று மந்திரிகள் ஒரு மழைக்காலம் முழுக்க விவாதித்தார்கள். வயிற்றைக் கிழித்தால் ராஜ ரத்தம் சிந்தும். தாயைக் கொன்றால், வயிற்றில் பிள்ளையோடு செத்தவள் பேயாகி அந்த அரண்மனையில் ஒருத்தருக்கும் கர்ப்பம் தங்கவிடமாட்டாள். பழைய ராஜாக்கள் கோட்டை வாசலில் கர்ப்பிணியைப் புதைத்துக் காவல் வைத்ததே அந்தப் பேய்க்குப் பயந்து எதிரி வரமாட்டான் என்பதால்தான். ஆகவே விட்டுவைத்தார்கள். அறை வாசலில் ஒரு காவல்காரியும் டோ மூவும் எப்போதும் இருந்தார்கள், தயாராக ஒரு சின்னச் சாக்கும் தொங்கியது. மடத்துப் பெரிய பிக்கு வந்து பார்த்துவிட்டு, சீவலி தேரர் தாய் வயிற்றில் ஏழு வருடம் இருந்து பிறந்தவர், பெரிய புண்ணியவான், கவலைப்படாதே என்றார். ஏழு வருடம் கழிந்த பிறகு அவர் வரவில்லை. அதற்கு மேல் அவருடைய சுவடியில் எதுவும் இல்லை.

குழந்தைகள் பேசும் பருவத்தில் அவனும் பேசினான். "அமே" என்றான் முதலில். அந்த ஊரில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். யின்மே சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனை மவுங் என்று கூப்பிட்டாள். பையன் என்று அர்த்தம். வேறு பெயர் வைக்க நாள் நட்சத்திரம் இல்லை, அவன்தான் பிறக்கவில்லையே. அவள் வயிறு பெரிய தண்ணீர்ப்பானை அளவுக்கு வந்து அதோடு நின்றுவிட்டது. எப்படியடா இடம் பத்துகிறது என்று கேட்டால், மடிச்சுக்கிட்டேன் என்பான். அந்த அரண்மனை முழுவதும் ஒரே மேடைமேல் தேக்குத்தூண் நட்டுக் கட்டியது. எங்கே யார் முணுமுணுத்தாலும் மரத்தின் வழியாக ஓடி, யின்மேயின் குதிகால் ஏறி, அவன் காதுக்கு வந்து சேர்ந்தது.

"அமே, ராஜாவுக்கு வயித்தால போகுது. ஜோசியருக்கு இது தெரியுமா?"

"சும்மா இருடா."

"நிதி மந்திரி தூக்கத்துல பொண்டாட்டி பேரச் சொல்றாரு. ஆனா அது அவர் பொண்டாட்டி இல்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வயிறு குலுங்கும், அவனும் உள்ளே சிரிப்பான். காவல்காரி எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எந்தத் தாயும் தன் பிள்ளையோடு இவ்வளவு சேர்ந்து இருந்ததில்லை என்று யின்மே நினைத்தாள். அந்த வருடங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். நாங் செங் தினமும் வந்து அவள் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். சுமை கூடக்கூட இடுப்பு விட்டுப்போயிருந்தது. யோன் இரட்டைப் பின்னலோடு பக்கத்தில் உட்கார்ந்து, வயிற்றைத் தட்டி, "தம்பி, பூனை வந்திருக்கு, பாக்கிறியா?" என்று கேட்பாள். "எந்தப் பூனை? நொண்டிப் பூனையா? நேத்தே வந்துச்சே" என்பான் மவுங்.

ஒரு நாள் அவர்கள் போன பிறகு அவன் சொன்னான். "அமே, யோன் அக்கா இருக்குல்ல, அது நின்னுகிட்டு ஒண்ணுக்குப் போகுது. சொர்ர்ருனு தூரத்துல விழுது."

யின்மே காவல்காரி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இத யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்றாள்.

"நான் யார்கிட்டச் சொல்லப்போறேன்?"

நாங் செங்கிடமும் அவள் எதுவும் கேட்கவில்லை. தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. யோனுக்குக் காது குத்தும் சடங்கு வந்தபோது, தலை ஆடாமல் பிடித்துக்கொள்ளும்படி நாங் செங் இவளைத்தான் கேட்டாள். யின்மே அந்தத் தலையை இரண்டு கையாலும் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பொன்னூசி இறங்கியபோது பையன் அழவில்லை, பெண்பிள்ளை மாதிரி அழ வேண்டும் என்று ஞாபகம் வந்தபிறகு அழுதான்.

அந்த வருடம்தான் ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. கொலுமண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது காலடியில் யாரோ சிரிப்பது கேட்கிறது என்றார். செத்துப்போன தம்பிகளின் சிரிப்பு மாதிரி இருக்கிறது என்றார். மரம் ஒருவழிப் பாதையல்ல. மவுங் கேட்டது போலவே, மவுங் சிரித்ததும் தூண் வழியாகப் போய்ச் சிங்காதனத்தை எட்டியிருந்தது. ஜோசியர் யோசித்து வழி கண்டுபிடித்தார். தாயையும் பிள்ளையையும் ஒரே சாக்கில் தைத்து, ஈயக் குண்டு கட்டி, ஆற்றின் ஆழமான இடத்தில் இறக்கிவிடலாம். ரத்தம் சிந்தாது, மண்ணிலும் படாது. தண்ணீருக்குள் போன பேய்க்குக் கரையேறத் தெரியாது. தையற்காரர்கள் இருவர் நூல் கயிற்றோடு வந்து யின்மேயைச் சுற்றி அளவெடுத்தார்கள். ஒருவன் மரியாதையாக, "கொஞ்சம் கையைத் தூக்குங்க ராணியம்மா" என்றான். வெல்வெட் போதவில்லை, வணிகர்கள் வந்து கொடுக்கும்வரை நாலைந்து நாள் ஆகும் என்று பேசிக்கொண்டார்கள்.

தெற்கு ராணி அன்று பிற்பகல் வந்தாள். வெற்றிலைச் செப்பைத் திறந்து, யின்மேக்கும் ஒன்று மடித்துக் கொடுத்தாள்.

"தங்கச்சி, உன் பையனுக்குக் காது ரொம்பக் கூர்மையாமே."

யின்மே வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அந்தச் சாக்கு புடிக்கல. ஒரு பொம்பளையப் போட்டுத் தைக்கிறது என்ன பழக்கம்? ஆனா என் பையன் பயந்துட்டான். பயந்தவன் கைக்கு ஏதாவது குடுத்தாத்தான் அடங்குவான். இந்த அரண்மனையில எனக்குத் தெரியாம ஏதாவது இருந்தா சொல்லு. அதக் குடுத்து அவன அடக்கிக்கிறேன்."

"எனக்கு என்ன மகாராணி தெரியும்?"

"உனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்." அவள் யின்மேயின் வயிற்றின்மேல் கையை வைத்தாள். "தண்ணிக்குள்ள மூச்சு முட்டுறப்ப, உனக்கு முன்னாடி அவன் போவானா, பின்னாடி போவானா? டோ மூகிட்டக் கேட்டேன். பின்னாடிதானாம். கொஞ்ச நேரம் உள்ளயே ஒதைச்சுக்கிட்டு இருப்பானாம்."

அந்தப் பிற்பகலில் யின்மேயின் மனத்துக்குள் என்ன ஓடியது என்று வெளியிலிருந்த ஒருவருக்கும் தெரியாது. உள்ளே இருந்தவனுக்குத் தெரிந்தது. அவள் இதயம் தடதடவென்று அடித்ததையும், பிறகு அடங்கி ஒரே சீராக அடிக்கத் தொடங்கியதையும் அவன் கேட்டான். "வேண்டாம் அமே" என்றான். அவள் துணியை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு, "யோன் பொண்ணில்ல" என்றாள்.

தெற்கு ராணி சிறிது நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள். "எட்டு வருஷமா நானே அதுக்குத் தல வாரி விட்டிருக்கேனே" என்றாள், உண்மையிலேயே வருத்தப்பட்டவள் போல.

அடுத்த நாள் முன் முற்றத்தில் மேளம் முழங்கியது. என்ன விசேஷம் என்று ராணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். கோமாளி வந்தபோது எல்லோரோடும் சேர்ந்து நாங் செங்கும் சிரித்தாள். தன் குழந்தை அறையில் தூங்குகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பெரிய சாக்கை வெட்டிச் சின்னதாக்கித் தைத்திருந்தார்கள். மீந்த வெல்வெட்டில் பட்டத்து யானைக்கு நெற்றியில் கட்டும் துணி தைத்தார்கள், அது பல வருடம் உழைத்தது. நாங் செங்கை ஒன்றும் செய்யவில்லை. அவளைத் தொட்டால் மலைநாடு முழுக்க எழுந்து வரும், தேயிலை வராது.

சில நாள் கழித்து நாங் செங் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். யின்மே சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

"திரும்பி உக்காரு" என்றாள் நாங் செங். திரும்பி உட்கார்ந்தாள். நாங் செங் எப்போதும் போல முதுகில் எண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். அழுத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அக்கா, என்னக் கொன்னுடு."

"உன்ன நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். நான் உங்கிட்டப் பேச வரல." தேய்த்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்து உட்கார்ந்தாள். வயிற்றருகே வாயை வைத்து, பிள்ளைகளுக்குத் தேன் கொடுக்கும் குரலில் சொன்னாள். "மவுங் கண்ணு, பெரியம்மா வந்திருக்கேன். உங்கண்ணன் எங்க போனான்னு தேடுனியா? சொல்றேன் கேளு."

அவள் சொன்னாள். எந்தக் கதவு வழியாக வந்தார்கள், யார் தூக்கினார்கள், செருப்பு ஒன்று வழியில் விழுந்தது, காதில் கிடந்த தங்கத்தை முதலில் கழற்றிக்கொண்டார்கள், சாக்கின் உள்பக்கம் என்ன நிறம், எந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்கள், எத்தனை அடி தேவைப்பட்டது. கொட்டடி யானைப்பாகன் ஒருவனுக்குத் தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்து எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தாள். மறுநாளும் வந்தாள். முந்தின நாள் விட்டுப்போனதைச் சொன்னாள். தன் பிள்ளை கதை தீர்ந்ததும் மற்றப் பிள்ளைகளின் கதையைச் சொன்னாள், அதன்பின் பழைய ராஜாக்களின் காலத்தில் செத்த பிள்ளைகளுடையதை. ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது, "அதனால நீ அங்கயே இரு கண்ணு. அங்கதான் இதமா இருக்கும்" என்பாள்.

யின்மே சந்தனக்கல் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பேச்சு உள்ளே கேட்காதபடி அவள் பேசும் நேரமெல்லாம் கட்டையை உரசிப் பார்த்தாள். பாடிப் பார்த்தாள். காதைப் பொத்தியிருக்கலாம், பிள்ளையின் காது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால். கடைசியில் மவுங்கே, "அமே, கொஞ்சம் சும்மா இரேன். பெரியம்மா கதை சொல்றாங்க" என்றான். அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. அவனும் அவளிடம் அரண்மனை வம்பு பேசுவது நின்றுபோயிற்று. பயமாயிருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்பான். அன்றைக்கு நீ சொல்லியிருக்க வேண்டாம் என்று ஒருநாள்கூடச் சொல்லவில்லை. ஆனால் பிற்பகல் ஆனால் வயிற்றில் அசைவு தெரியும். கதவுப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

வருடங்கள் போயின. உள்ளே அவன் குரல் உடைந்து ஆண்குரலாயிற்று. மருத்துவச்சி டோ மூ காத்திருந்தே செத்துப்போனாள், அவள் மகள் அந்த வேலைக்கு வந்தாள். தெற்கு ராணியின் இளைய மகன் காவியைக் கழற்றிவிட்டு மடத்திலிருந்து படையோடு வந்தான். மூத்தவனைக் கொட்டடிக்குக் கூட்டிப்போனபோது தெற்கு ராணி தானே சாக்கை வாங்கித் தையல் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். மட்டமான தையலில் தன் பிள்ளை போகக்கூடாது என்றாளாம். அதன்பின் அவள் யாரோடும் அதிகம் பேசவில்லை, ஒரு மாம்பழப் பருவத்தில் இறந்தாள். புதிய ராஜாவுக்கு யின்மேயைத் தெரியாது. வாசலில் இருந்த சின்னச் சாக்கைப் பூச்சி அரித்தது, வேறு தைத்து வைத்தார்கள், வழக்கம் என்பதால்.

பிறகு வெள்ளைக்காரர்கள் புகைக்கப்பலில் ஆற்றின் வழியே வந்தார்கள். சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ராஜாவை மாட்டு வண்டியில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். சிப்பாய்கள் சிங்காதனத்தில் மாறிமாறி உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தப்புரத்துப் பெண்கள் எல்லோரும் கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போகலாம் என்று ஒரு துபாஷி வாசலில் நின்று கத்தினான்.

யின்மே கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "மவுங், கேட்டியா? போயிட்டாங்க. ராஜாவே கிடையாது. உன்ன இனிமே யாரும் தேட மாட்டாங்க. வெளிய வாடா."

"பெரியம்மா வேற மாதிரி சொன்னாங்களே."

"அது அப்போடா. இப்போ சாக்கும் இல்ல, கட்டையும் இல்ல."

"சாக்கு வாசல்ல தொங்குது அமே. காத்துல ஆடுறது கேக்குது."

அவள் எழுந்துபோய் அந்தச் சாக்கைக் கிழித்தெறிந்துவிட்டு வந்தாள். கெஞ்சினாள். திட்டினாள். பதநீர் தருகிறேன், ஆற்றைக் காட்டுகிறேன் என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். அவன் வளர்ந்த ஆணின் குரலில், "நான் இங்கயே இருந்துக்கிறேன்" என்றான். வயிறு கல்மாதிரி இருந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு நாங் செங் வந்தாள். தலை நரைத்திருந்தது. மலைக்குப் போகும் தேயிலை மாட்டுவண்டிகள் கீழே நின்றன, அவள் தம்பி மகன் அழைத்துப்போக வந்திருந்தான். கையில் எண்ணெய்க் கிண்ணம் இல்லை. இவ்வளவு வருடம் தினமும் வந்துபோன இடம் என்பதால் சொல்லிக்கொள்ளாமல் போக அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான் காரணம்.

"நான் போறேன்டா கண்ணு" என்றாள் வயிற்றைப் பார்த்து.

"எங்க பெரியம்மா?"

"எங்க ஊருக்கு. மலைக்கு."

"நாளைக்கு வருவீங்களா?"

"இல்ல. இனிமே வர மாட்டேன்."

"மூணு பொட்டி இளவரசன் கதைய நேத்து பாதியில விட்டுட்டீங்களே" என்றான்.

"அது அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு."

அவள் திரும்பி வாசற்படியில் கால் வைத்தபோது யின்மே அலறினாள். மருத்துவச்சியின் மகள் தன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போயிருந்தாள், கூப்பிட ஆளில்லை. நாங் செங் திரும்பி வந்து முட்டிபோட்டாள். அதிக நேரம் பிடிக்கவில்லை. அவசரமாக ஓடிவருகிறவன் மாதிரி அவன் வந்தான். பிறந்த குழந்தையின் அளவுதான் இருந்தான். பல் எல்லாம் முளைத்திருந்தது, தலைமுடி பாதம் வரைக்கும் சுற்றிக்கிடந்தது. நாங் செங் அவனைத் துடைத்து யின்மேயின் மடியில் வைத்தாள்.

யின்மே அவன் முகத்தைத் தடவினாள். "மவுங்" என்றாள். "என் சாமி. வந்துட்டியா."

அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான். முகம் கோணியது. "யாரு இது?" என்றான். "அமே எங்க?"

"நான்தான்டா அமே."

"இல்ல. அமே குரல் இப்படி இருக்காது." அவன் திமிறினான். அவளுடைய குரலை அவன் அந்த நாள்வரை எலும்பு வழியாகத்தான் கேட்டிருந்தான், நான்கு பக்கமிருந்தும், தண்ணீருக்குள் மணி அடிப்பதுபோல. இப்போது ஒரு வாயிலிருந்து, மெல்லியதாக, கரகரப்பாக வந்த இந்தக் குரலை அவனுக்குத் தெரியவில்லை. அவள் பேசப்பேச அவன் பயந்து அலறினான். யின்மே அவனை மார்போடு அணைத்து இதயத்தின்மேல் அவன் காதை வைத்து அழுத்தினாள். அதுவும் வெளியிலிருந்து கேட்கும்போது வேறு மாதிரிதான் இருந்தது போலும்.

"கண்ணு, அழாத" என்றாள் நாங் செங்.

அவன் அழுகையை நிறுத்திவிட்டுச் சத்தம் வந்த பக்கம் திரும்பினான். "பெரியம்மா" என்று இரண்டு கையையும் நீட்டினான்.

நாங் செங் உடனே வாங்கவில்லை. கீழே வண்டிக்காரன் மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. "உனக்கு நினைவிருக்கட்டும்" என்றாள் யின்மேயிடம். "நீ என் பையன எடுத்துக் குடுத்த. நான் எடுக்கல. இவன் தானாவே வர்றான்."

"நானும் வரேன் அக்கா. உன் வீட்டுல மாட்டுக்குத் தண்ணி காட்டுறேன்."

"வேண்டாம். எனக்கு உன் மூஞ்சி புடிக்கல. இத்தன வருஷமும் புடிக்கல." அவள் சால்வையை விரித்துப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, அவன் தலைமுடியை வண்டிச் சக்கரத்தில் சிக்காதபடி மேலே சுருட்டிச் செருகினாள். படியிறங்கும்போது அவன், "மூணு பொட்டியிலயும் என்ன இருந்துச்சு?" என்று கேட்பதும், அவள், "மெதுவாப் பேசு, மாடு மிரளும்" என்பதும் யின்மேக்குக் கேட்டது. மலையில் அவன் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தான், தேயிலைத் தோட்டம் வைத்தான், நல்ல கதைசொல்லி என்று பெயரெடுத்தான் என்றெல்லாம் வண்டிக்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள். அவன் சமவெளிக்கு இறங்கி வந்ததேயில்லை.

யின்மே ஆற்றோரமாக நடந்து கின்யுவாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். அப்பா போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அவளுடைய வயிறு இறங்கவில்லை. பிள்ளை போன பிறகும் தண்ணீர்ப்பானை அளவுக்கு அப்படியே நின்றது, தட்டினால் காலிப் பானையின் சத்தம் வரும். ஊரார் வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை, கிண்டலும் செய்யவில்லை. நிறைமாதக்காரிக்கு என்னவெல்லாம் செய்வார்களோ அதையெல்லாம் கிழவியான பின்னும் அவளுக்குச் செய்தார்கள். கிணற்றடியில் அவள் குடத்தை முதலில் நிறைத்துக் கொடுத்தார்கள். விருந்தில் அவள் இலையில் இரண்டாம் தடவை கேட்காமலே பரிமாறினார்கள். அக்கரைச் சந்தைக்கு அவள் போகும் நாட்களில் ஓடக்காரன் படகைச் சேற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துப்போட்டுக் கையைக் கொடுப்பான்.

"பாத்து ஏறுங்க ராணியம்மா. நடுவுல உக்காருங்க. டேய், தள்ளி உக்காருடா, ரெண்டு பேருக்கு எடம் விடு."

அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி, இருவருக்கான இடத்தில் மெதுவாக உட்காருவாள்.